வெர்னிட்டா காலி செய்த வீடு

வெர்னிட்டா காடிஸுக்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகருக்கு வெளியே ஒரு கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் முட்டை பொரிக்கும் வேலை. கணவன் கிளிஃப்டனின் காரில் சிட்டிகையளவு போதைக்கட்டி அகப்பட்டு, அவனை உள்ளே தள்ளியபோது மகள் நைலா கைக்குழந்தை. அவன் வெளியே வந்தபோது அவள் அம்மாவைவிட உயரம்.

வந்த அன்றே, அவர்கள் இருந்த அரசுக் குடியிருப்பின் மேலாளர் ஹோலம் கதவைத் தட்டினார். அவரும் இவர்களைப் போலக் கறுப்பர்தான்.

"போதை கேஸ்ல உள்ள போனவர் இங்க தங்கக் கூடாதும்மா. தெரிஞ்சா உங்க எல்லாரையும் வெளிய போட்டுருவாங்க."

"என் புருஷன் என் வீட்டுல தங்காம, உங்க ஆபீஸ்லயா தங்குவான்?"

"சட்டத்த நானா எழுதினேன்? என் தம்பியும் உள்ளதான் கிடக்கான்."

கிளிஃப்டன் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்பன் வீட்டு சோபாவுக்குப் போனான். தினமும் வந்து சாப்பிட்டுவிட்டு, விருந்தாளிபோல் விடைபெற்றான்.

அந்தக் குளிர்காலத்தில், கல்லூரி விடுதியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அறையில் ஒரு பை நிறைய போதைத்தூள் பிடிபட்டது. அதே வாரம் அவன் தட்டோடு வெர்னிட்டாவின் வரிசையில் நின்றான்.

"மஞ்சக்கரு உடையாம, ப்ளீஸ்."

"கவுன்சிலிங் போகச் சொல்லி விட்டுட்டாங்களாம். பரீட்சை டென்ஷனாம், பாவம்" என்று பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவள் கிசுகிசுத்தாள்.

வெர்னிட்டா மஞ்சள்கரு உடையாமல்தான் கொடுத்தாள். அதற்காகவே அன்று முழுக்கத் தன்மேல் எரிந்து விழுந்தாள்.

மாலையில் கிளிஃப்டனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"விடு வெர்னி. அவனையும் உள்ள தள்ளணுங்கிறியா?"

"ஐயோ, உன்னோட! அவன வீட்டுக்கு அனுப்பின மாதிரி உன்னையும் அனுப்பியிருக்கணும்னு சொல்றேன். உனக்கும்தான் அப்ப வேலை போயிருந்துச்சு. எந்த ஜட்ஜ் 'பாவம்'னான்?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போல் விடைபெற்றுக் கிளம்பினான். அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே வீடு தேடக் கிளம்பினாள். சிறை என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். கடைசியில், சர்ச்சில் பழக்கமான திக்பென் அம்மாள் தன் மாடியைக் கொடுத்தாள். அவளுடைய மகனும் உள்ளேதான்.

பழைய வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்ட ஹோலம், "இந்த வீட்டுக்கு எத்தன குடும்பம் காத்திருக்கு தெரியுமா?" என்றார்.

"வரச் சொல்லுங்க. வீட்டு ஆம்பளைய மட்டும் வாசல்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

மாடியில் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. குளியலறை ஒன்றுதான்.

"சார், இன்னும் எவ்வளவு நேரம்? ஸ்கூலுக்கு லேட்டாகுது!" என்று நைலா கதவை இடித்தாள். அவள் இன்னும் அவனை 'அப்பா' என்று கூப்பிட்டதில்லை.

உள்ளே கிளிஃப்டன் சிரித்தான். வெர்னிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.