குடுக்காத காசுக்குப் பத்தாயிரம்

மரியரஞ்சனிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சென்ற மாதம் மோர்டென்ஸ்ருட் ரயில் நிலையத்தருகே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு கேட்கவே வேண்டாம். மகள் சிந்தியாவுக்கு அந்த நிலையத்துக் கடையில்தான் மாலை வேலை. அமைதியான புறநகரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்க அவளுடைய சம்பளமும் சேர்கிறது. பிள்ளைக்குப் பயமில்லாத இடத்தில் வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் மரியரஞ்சனியேதான்.

அவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக, அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் ஏறி இறங்கிக் கேட்க வேண்டும்: "துவக்குச் சூடு பாதியாக் குறையுமெண்டால், வருசத்துக்கு எவ்வளவு கூட வரி கட்டுவியள்?" சனங்கள் அந்த நிம்மதியை எவ்வளவாய் மதிக்கிறார்கள் என்று படித்தவர்கள் கணக்குப் போடுவார்களாம்.

நம்மவர்களுக்கு, கதவைத் தட்டி ஒரு தமிழ் முகம் தொகை கேட்டால் அது காசு சேர்ப்புத்தான். கோயிலோ வெள்ள நிவாரணமோ, பெயர் மட்டும் மாறும். முதல் வீட்டுத் தில்லைநாதன் பணப்பையோடுதான் கதவைத் திறந்தார்.

"பக்கத்து வீட்டிலை எவ்வளவு போட்டவை?"

"அது சொல்லக்கூடாது அண்ணை."

"அப்ப ஐந்நூறு குரோனர் எழுதுங்கோ. ரசீது தருவியள்தானே?"

"காசு வாங்கிறேல்லை. மனசிலை உள்ளதைச் சொன்னாக் காணும்."

"வாங்கிறேல்லையோ? அப்ப பத்தாயிரம் போடுங்கோ!"

கர்ணன் தோற்றான் போங்கள். மரியரஞ்சனி குறித்துக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறினாள்.

அங்கே கதவைத் திறந்தவர் யோகாம்பாள். அந்தச் சூட்டில் ஒரு தமிழ்ப் பையனுக்குக் காயம் என்று மரியரஞ்சனிக்குத் தெரியும். எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"சைபர் போடுங்கோ தங்கச்சி."

"ஒண்டும் குடுக்கமாட்டியளோ அக்கா?"

"என்ரை மோன் சயூரன் அண்டைக்கு அங்கை பஸ்ஸுக்கு நிண்டவன். காலிலை குண்டு பட்டு இன்னும் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். என்னட்டையோ வந்து விலை கேக்கிறியள்?"

சைபர் என்றே பதிந்தாள். அந்தக் கணக்கின்படி, இந்தச் சூடுகளைப் பற்றி அக்கறையே இல்லாத வீடு அது! மரியரஞ்சனிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உங்களுக்கும் பிள்ளையள் இருக்கோ? இப்ப எங்கை நிக்கினம்?" என்று யோகாம்பாள் கேட்டார்.

சிந்தியா இப்போது நிற்பது அந்த நிலையத்துக் கடையில். மிச்ச வீடுகளை விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனாள்.

"என்னம்மா, இந்த நேரத்திலை?" என்றாள் சிந்தியா, பொருட்களுக்கு விலை அடித்தபடியே.

"வேலையை விட்டிட்டு வா."

"அப்ப லோறென்ஸ்கூக் வீடு?"

"வேண்டாம்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மரியரஞ்சனி விலகவில்லை.

"வீடு வேண்டாம். நீ வா."