வேலிக்கு வெளியே ராட்டினம்

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். எந்தக் கூட்டத்திலும் ஒன்றையும் தொலைத்ததில்லை.

டில்லியில் பூங்காவின் கம்பிவேலிக்கு வெளியே நானும் பேரனும் நின்று, காசில்லாமல் ராட்டினம் பார்க்கிறோம். திரும்பினால் அவனைக் காணோம். அங்குமிங்கும் ஓடுகிறேன்.

"பேரச் சொல்லிக் கத்துங்கம்மா, ஜல்தி!" என்கிறாள் வேலியோரம் சோளம் சுடும் தமிழ்க்காரி.

"அவனுக்கு அவன் தாத்தா பேரு. எங்க வீட்டுக்காரர் பேர நான் சொல்றதில்ல."

"அவரு கோவிச்சா அப்புறம் பாத்துக்கலாம். புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க!"

கல்யாணமானதிலிருந்து என் வாயில் வராத பெயரைத் தொண்டை கிழியக் கூவுகிறேன். ராட்டினம் இரைகிறது. மறுபடியும் கூவுகிறேன். ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்து ஓடிவருகிறான்.

டேய் பேராண்டி, நான் எழுதியிருக்கும் இதை எழுத்துக்கூட்டியாவது எனக்கு வாசித்துக் காட்டு. பெயரை எழுதக் கை வரவில்லை. நான் கூவுகிற இடத்தில் நீயே உரக்கச் சொல்.