கைதையை வெட்டச் சொன்னது நான்தான்

கலங்கிய சேற்று வாடையும் அவித்த மரச்சீனிக் கிழங்கின் ஆவியும் ஒன்றாக மூக்கில் ஏறும்... ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இன்றும் அதுதான்.

அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே, எங்கள் வயல்களுக்குள் ஒரு சின்னத் தோடு. ஓடையைத்தான் நாங்கள் தோடு என்போம். பிளாஸ்டிக்கும் பாசியும் அடைத்துக் கிடந்தது. கோடை வந்தால் கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றும்.

அதைத் திரும்ப ஓடவைக்கிறேன் என்று இறங்கியவர் ஸ்டெல்லா அக்கா. தையல் வேலை பார்ப்பவர். யாரும் அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தம் அவருக்குத்தான் அதிகம், அவ்வளவுதான்.

சர்ச் முடிந்ததும் வந்துவிடுவார். நல்ல சேலையை மாற்றி, நைட்டிக்கு மேல் புருஷனின் பழைய சட்டை. பைபிளைக் கவரில் போட்டுப் பலாக்கொம்பில் தொங்கவிடுவார். பிறகு ஊருக்கே கேட்கும்.

"எலே, உறங்கினது போதும்! மம்மட்டியை எடுத்துட்டு வா மக்கா. கிழங்கு வெந்தாச்சு!"

பாதிப்பேர் கிழங்குக்காக வந்தவர்கள். நானும்தான். அப்போது டிப்ளமோ முடித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு காண்ட்ராக்டரிடம் புதிதாக வேலை. அக்கா என்னை 'இஞ்சினியரே' என்று கூப்பிடுவார். கேலிதான். ஆனால் எனக்கு அதிலேயே தலைக்கனம் ஏறிவிட்டது.

செல்லம்மை அக்காவின் வீட்டு வாழைத்தோட்டக் கரையில் கைதை புதராக மண்டியிருந்தது. தாழையைத்தான் நாங்கள் கைதை என்போம். அதை வேரோடு எடுத்தால் தண்ணீர் தடையில்லாமல் போகும் என்று ஸ்டெல்லா அக்காவிடம் தனியாகச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

செல்லம்மை அக்காவும் ஸ்டெல்லா அக்காவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். வெட்ட ஆரம்பித்ததும் செல்லம்மை அக்கா ஓடி வந்தார்.

"வேண்டாம் ஸ்டெல்லா. கரையைப் பிடிச்சு நிக்குதது அதாக்கும்."

ஸ்டெல்லா அக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஒண்ணும் ஆவாது பிள்ளே. நான் இருக்கேன்லா."

ஆடியில் கர்க்கடக மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. கரை இடிந்தது. ஓணத்துக்கு வெட்ட நின்ற ஏத்தன் வாழை அத்தனையும், குலையோடு தோட்டில் போயிற்று.

வாசகசாலையில் எல்லாரும் கூடினோம். செல்லம்மை அக்கா அழவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"கைதையை வெட்டச் சொன்னது ஆரு? எனக்கு அது தெரியணும்."

நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நானாக்கும்," என்றார் ஸ்டெல்லா அக்கா. "எனக்க புத்திகேடு."

"அப்பம் இனி எனக்க முற்றத்துல காலு வைக்காதே."

திரும்பி வரும்போது, "அக்கா, நான் போய்ச் சொல்லியிருதேன்" என்றேன். பாதி மனசோடுதான் சொன்னேன், ஒளிப்பானேன்.

"போ லே. நீ சொன்னே, சரி. வெட்டுன்னு சொன்ன வாய் எனக்கதுதானே. அவ ரெண்டு நாள்ல சரியாவா."

சரியாகவில்லை.

கள்ளிக்காட்டுப் பக்கம் போய்க் கைதைக் கன்றுகள் கேட்டு வாங்கி வந்து, தோட்டுக்குள் நின்றபடியே அந்தக் கரை முழுக்க ஸ்டெல்லா அக்கா நட்டார். முற்றத்தில் கால் வைக்கவில்லை. செல்லம்மை அக்கா வாசலுக்கு வரவும் இல்லை. பிறகு ஸ்டெல்லா அக்கா மகளோடு பூனாவுக்குப் போய்விட்டார். செல்லம்மை அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே.

இப்போது தோடு நன்றாக ஓடுகிறது. கோடையிலும் கிணறுகளில் தண்ணீர் உண்டு. எங்கள் வாட்ஸப் குரூப்பில் தினமும் எல்லாரும் குட்மார்னிங் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டுக்கரைக்குப் போனால் ஒரு ஆள் கிடையாது. வேலை முடிந்துவிட்டதே, எதற்கு வரவேண்டும்? ஆனாலும் ஒரு குரல் கேட்காதா என்று காது ஏங்குகிறது. அந்தச் சேற்றில் ஒரே ஒரு நாள் அவரோடு திரும்ப இறங்க முடிந்தால் போதும் எனக்கு.

போன வாரம் செல்லம்மை அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டன்சாயா கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செல்லம்மை அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இத்தனை வருசமா நான் அவளையாக்கும் பழிச்சது..." என்றார். பிறகு, "நம்பர் உண்டா லே?"

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஸ்டெல்லா... நான் செல்லம்மையாக்கும்."

அந்தப் பக்கம் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பய சொல்லிட்டானா?" என்றது அதே குரல். "கைதை புடிச்சுதா பிள்ளே?"

"புடிச்சுது. கரை அசையல்ல. நீ எப்பம் வாறே?"

"மூட்டு ரெண்டும் போச்சு. இங்க மூணாவது மாடி. இனி ட்ரெயின் எல்லாம் நடக்காது..." பிறகு, "இங்க குடிக்குத வெள்ளம் லாரியிலயாக்கும் வருது, கேட்டியா?"

செல்லம்மை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஸ்டெல்லா அக்கா, "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.