சபீக்கா அப்லாவின் கைக்கடிகாரம்

குவைத்தின் ரவ்தா பகுதியில் சபீக்கா அப்லாவைத் தெரியாத பெண்கள் குறைவு. அப்லா என்றால் அங்கே டீச்சரம்மா. முப்பத்தொரு வருஷம் அங்கே பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை. பரீட்சை அறைக்குள் அவர் நுழைந்தால் காப்பி அடிக்காத பிள்ளைகூடப் பேனாவைக் கீழே வைத்துவிடும். அப்படிப்பட்டவர் அறுபத்துமூன்று வயதில் காப்பி அடித்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அடித்தார், அதுவும் ஏறக்குறைய மூன்று மாதம் விடாமல்.

எல்லாம் சர்க்கரையால் வந்த வினை. பத்து வருஷமாகக் கூடவே இருந்த வியாதி, ஓய்வு பெற்றதும் கட்டுக்கடங்காமல் போயிற்று. டாக்டர் அபீர் அவரிடம் படித்தவள். இன்றும் அப்லா உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். நிற்பாளே தவிர, விட்டுக்கொடுக்க மாட்டாள். இறைச்சி போட்ட மச்பூஸ் சோற்றைப் பாதியாக்கச் சொன்னாள், பேரீச்சம்பழத்தை ஒன்றோடு நிறுத்தச் சொன்னாள், தினம் நடக்கச் சொன்னாள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றும் சொல்லிவிட்டாள். ஊசி மட்டும் வேண்டாம் என்றார் அப்லா. அவருடைய அம்மாவுக்கு ஊசி தொடங்கிய மறு வருஷமே ஒரு பாதத்தை எடுக்கவேண்டி வந்தது. அது ஊசியால் வந்ததல்ல, அதுவரை அசட்டையாக இருந்ததால் வந்தது என்று அபீர் எத்தனை சொல்லியும் மனசு கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தாள். நடக்கிற அடிகளை எண்ணி அவளுடைய கம்ப்யூட்டருக்கே அனுப்பிவிடும். இரவும் பகலும் கழற்றக் கூடாது.

முதல் வாரம் அப்லா ஒழுங்காக மாலுக்குப் போய் நடந்தார். ஆனால் நாலாவது கடையைத் தாண்டுவதற்குள் பழைய டீச்சர் யாராவது எதிரே வந்துவிடுவார். அப்புறம் காபி, கேக், ஊர் வம்பு. கணக்கு ஒரு நாளும் இரண்டாயிரம் அடியைத் தாண்டவில்லை.

ஒரு நாள் தொழுகைக்குக் கை கழுவும்போது கடிகாரத்தைச் சமையலறையில் கழற்றி வைத்து மறந்துவிட்டார். ரமணம்மா கடப்பாவிலிருந்து வந்து பதினோரு வருஷமாக அந்த வீட்டில் வேலை செய்கிறவள். பொருள் தொலைந்தால் யார் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியாதா? கையில் மாட்டிக்கொண்டே தரை துடைத்தாள். அன்று இரவு அபீரிடமிருந்து அப்லாவுக்குச் செய்தி வந்தது. பதினாலாயிரம் அடியாம், மாஷா அல்லாஹ், இப்படியே போகட்டுமாம். பாராட்டு யாருக்குக் கசக்கும்? மறுநாள் அப்லாவே கடிகாரத்தை எடுத்து ரமணம்மாவின் கையில் கட்டிவிட்டு, இரவும் பகலும் கழற்றாதே என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை.

அடிதான் ஏறுகிறதே என்ற தைரியத்தில் பேரீச்சம்பழம் ஒன்று மூன்றாயிற்று, மூன்று ஐந்தாயிற்று. கெடு முடிந்த நாளில் காரிலேயே கடிகாரம் அப்லாவின் கைக்குத் திரும்பியது. ரமணம்மா பையைத் தூக்கிவந்து டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தாள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறையவில்லை, கூடியிருந்தது. அபீர் கோபப்படவில்லை.

"அப்லா, ஏன் குறையலன்னு கண்டுபிடிச்சிட்டேன். நீங்க தூங்கறதே இல்ல."

கடிகாரம் தூக்கத்தையும் எண்ணும் என்பது அப்லாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அபீர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ராத்திரி பன்னிரண்டரைக்குப் படுக்கை, விடியற்காலை ஐந்துக்கு எழுந்தாயிற்று. நடுவில் இரண்டு மணிக்கு முந்நூறு அடி. அந்த இரண்டு மணி அப்லாவுக்குத் தெரியும். தொண்டை வறண்டு விழிப்பு வரும், தலைமாட்டு மணியை அழுத்துவார், தண்ணீர் வரும், குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமைதோறும் கோடு உச்சிக்குப் போயிருந்தது. பிள்ளைகளும் மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் சாப்பிட வருகிற நாள் அது. அன்று மட்டும் இருபத்திரண்டாயிரம் அடி.

"முதல் வாரத்தை விட்டா, தொண்ணூறு நாள்ல ஒரு நாள்கூட ஓய்வு இல்ல. இப்படி இருந்தா நல்லா இருக்கறவங்களுக்கே சர்க்கரை வந்துடும். இந்த வயசுல உங்களை யாரு இப்படி மாடு மாதிரி வேலை வாங்கறது? உங்க மகன் மிஷாலுக்குக் கண்ணு இல்லையா? நானே கேக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் போனையும் எடுத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மகன் தலையில் விழும். திறந்தால் முப்பத்தொரு வருஷப் பேர் போகும், அதுவும் தன்னிடம் படித்தவள் முன்னால். அப்லா கையை நீட்டித் தடுத்தார்.

"வை போனை. அது என் கை இல்ல, அபீர்."

அபீர் திரையைப் பார்த்தாள், பிறகு கதவுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருந்த ரமணம்மாவைப் பார்த்தாள். புரிந்ததும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. ஊசிக்குச் சீட்டு எழுதினாள். அப்லா மறுக்கவில்லை. பிறகு, வெளியே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு என்ன வயது என்று அபீர் கேட்டாள். நானூறு மாணவிகளின் பேரையும் அவர்கள் தகப்பன் பேரையும் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, பதினோரு வருஷம் தன் வீட்டில் இருந்தவளின் வயது தெரியவில்லை. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அபீர் ரமணம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவள் அப்லாவைப் பார்த்தாள். அப்லா தலையசைத்த பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தினம் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று டாக்டர் கேட்டதும் மறுபடி அப்லாவையே பார்த்தாள்.

"நல்லா தூங்குவேன் டாக்டர். எட்டு மணி நேரம். மேடம் ரொம்ப நல்லவங்க."

அபீரின் பேனா எழுதாமல் நின்றது. அப்லா தலை நிமிரவில்லை.

"நாலு மணி நேரம்னு எழுதிக்கோ," என்றார். "அவ எனக்குப் பயந்து சொல்றா."