கப்பலில் சீட்டுப் போட்ட காலம்

சூதாட்ட மேஜையில் ஜெயிக்கவும் முடியாத, தோற்கவும் முடியாத ஒரே நாற்காலி சீட்டுப் போடுகிறவனுடையது. ஆனால் மேஜையைச் சுற்றிப் புறப்படுகிற திட்டெல்லாம் வந்து சேர்வது அந்த நாற்காலிக்குத்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்களுக்கு இது புரியும். பஸ் கண்டக்டர், பேங்க் கேஷியர், ரேஷன் கடையில் பில் போடுகிறவர் எல்லோரும் எனக்குப் பங்காளிகள்தான். சட்டம் போடுகிறவன் எங்கேயோ ஏசி ரூமில் இருப்பான், பாட்டு வாங்குவது நாம்.

நான் மரக்காணத்துக்காரன். அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. பாண்டிச்சேரியில் கேட்டரிங் படித்துவிட்டு, சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாக 2004-ல் ஒரு உல்லாசக் கப்பலில் ஏறினேன். பரிமாறப் போகிறேன் என்று நினைத்துப் போனவனை, கை வேகமாக இருக்கிறது என்று சொல்லி, பயிற்சி கொடுத்து, கேசினோவில் போக்கர் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். கரீபியன் கடலில் ஏறக்குறைய இரண்டு வருஷம். அங்கே எல்லோரும் இங்கிலீஷில் பேசியதை நம்ம பேச்சில் எழுதுகிறேன். மற்றபடி சொன்னது சொன்னபடி.

பேரு ராசி

என் பேர் ஏழுமலை. சட்டையில் குத்துகிற பேட்ஜுக்காக கேசினோ மேனேஜர் டேனி என் பேரைக் கேட்டார். மணிலாக்காரர், நல்ல மனுஷன். 'ழு' வந்ததும் அவர் நாக்கு மடங்கிக்கொண்டு திரும்பி வர மறுத்தது. கடைசியில் அர்த்தம் கேட்டார். சொன்னேன். மலையை எடுத்துக் கடலில் போட்டுவிட்டு, 'செவன்' என்று மட்டும் பேட்ஜ் அடித்துக் கொடுத்தார்.

சூதாடுகிறவர்களுக்கு ஏழு ராசியான நம்பர் என்பது எனக்கு அப்போது தெரியாது. மற்ற மேஜைகள் காலியாகக் கிடக்க, என் மேஜைக்குக் கூட்டம் அம்மிவிட்டது. ஒரு அம்மாள் பேட்ஜைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ராசியை நம்பி வந்த எல்லோரும் ஒரே மேஜையில் ஜெயிக்க முடியாதே! கையிலிருந்த பந்தயச் சில்லு முழுவதையும் விட்ட ஒருவர் எழுந்து, என் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பேரை மாத்திக்கோ. இது விளம்பர மோசடி."

டப்பாவும் பாட்டிலும்

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கேசினோவைத் திறக்கக் கூடாது. கப்பலில் சும்மா இருப்பவனை யாருக்கும் பிடிக்காது. அதனால் பயணிகள் ஏறுகிற நாளில் எங்களை வாசலில் போட்ட மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை இதுதான்: ஒரு ஆள் ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம். தன் அறையில் குடித்தால் தொல்லை இல்லை. சாப்பாட்டு ஹாலில் திறந்தால் மூடி திறப்பதற்கென்று தனிக் கட்டணம். ஒன்றுக்கு மேல் இருந்தால் வாங்கி, அறை நம்பர் சீட்டு ஒட்டி, உள்ளே பூட்டிவைத்து, இறங்குகிற நாளில் திருப்பித் தர வேண்டும். ஷாம்பு பாட்டிலில் ரம் வரும். குழந்தையில்லாத தம்பதியிடம் பால் புட்டி வரும்.

ஒருநாள் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் ஒயின், பக்கத்தில் சின்னக் குழாய். நம்ம ஊர் கல்யாணத்தில் மோர் கொடுக்கிற அளவு இருக்கும். "ஒரு பாட்டில்தான் சார்" என்றேன். அவர் ஓய்வு பெற்ற வக்கீல். சட்டம் எழுதிய போர்டை நிதானமாக இரண்டு தடவை படித்தார். பிறகு பெட்டியை என் முன்னால் வைத்து, குழாயைத் தட்டிக் காட்டினார்: "ஒரு பாட்டிலுக்கு மேல கூடாதுன்னு போட்டிருக்கு. ஒப்புக்கறேன். இதுல எங்க இருக்கு பாட்டில்?"

இரண்டாவது பாட்டில்

அதே மேஜைக்கு இன்னொரு நாள் ஒரு வயதான அம்மாள் தனியாக வந்தார். பையில் இரண்டு சிவப்பு ஒயின். ஒன்றை எடுத்து வைக்கும்படி வழக்கம்போலச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "அது என் வீட்டுக்காரருடையது" என்றார். அவர் எங்கே என்று கேட்டேன். டிக்கெட் எடுத்த பிறகு இறந்துவிட்டாராம். பணத்தைத் திருப்பிக் கேட்க மனசில்லாமல் தனியாகப் புறப்பட்டு வந்திருக்கிறார்.

பின்னால் வரிசை நெளிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தேன், அந்த அறைக்கு நேராக இரண்டு பேர். யாரும் நீக்கவில்லை. இரண்டு பேருக்கு இரண்டு பாட்டில், சட்டப்படி சரிதானே? திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, இரண்டையும் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரையில் வீட்டுக்காரர் பேரையே பார்த்தபடி நின்றார். பிறகு சொன்னார்: "கம்ப்யூட்டர்னாலே எனக்குப் பிடிக்காது. இது பரவாயில்லை, அவர இன்னும் கூட்டிட்டுப் போகுது."

கறுப்புக் கண்ணாடி

அந்த வருஷங்களில் அமெரிக்காவில் டிவியைத் திருப்பினால் போக்கர். பார்த்தவர்களெல்லாம் தொப்பி, மனசில் இருப்பது கண்ணில் தெரியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி, காதில் பாட்டு என்று கிளம்பி வந்துவிட்டார்கள். அப்படி ஒரு இளைஞன் வந்து உட்கார்ந்தான். எதிரே ஆடுகிறவர்களை அவன் பார்க்கவேயில்லை. என் முகத்தையே முறைத்தான். நான் மூக்கைச் சொறிந்தால் சீட்டைத் தூக்கிப் போட்டான். தண்ணீர் குடித்தால் பந்தயத்தை ஏற்றினான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: போக்கரில் ஆடுகிறவர்கள் தங்களுக்குள்தான் மோதுவார்கள். சீட்டுப் போடுகிறவன் கையில் ஆட்டம் கிடையாது. அவன் முகத்தில் இருப்பதெல்லாம் பசியும் தூக்கமும்தான். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் கப்பல் ஒரு பெரிய அலையில் ஏறி இறங்கியது. பையன் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தவன் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். மெதுவாக என் காதருகே வந்து கேட்டான்: "அண்ணே, நான் பயந்தது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

டிசம்பர்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊழியர்கள் சாப்பிடுகிற இடத்தில் டிவியில் இந்தியா வரைபடம், சுனாமி என்று செய்தி. கிழக்குக் கரை முழுக்கச் சிவப்பு. என் மனைவி செல்விக்கு அம்மா வீடு அனுமந்தை, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். கைக்குழந்தையோடு அங்கேதான் போயிருந்தாள். போன் போட்டேன். "இந்த வழித்தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன" என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள். அந்தக் கடலில் தமிழ்க் குரல் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அன்றைக்கு அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது.

ராத்திரி மேஜையில் உட்கார்ந்தேன், ஊரில் அப்போது விடிகிற நேரம். உட்காராமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கை பழக்கத்தில் ஓடியது. ஆள் இல்லாத நாற்காலிக்குச் சீட்டுப் போட்டேன். எதிரே வால்ட் என்கிற கிழவர். பழைய லாரி டிரைவர், சீட்டு சரியில்லாவிட்டால் என் பரம்பரையையே இழுப்பார். "உனக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று உறுமினார். சொன்னேன். அவர் தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "டேனி!" என்று மேனேஜரைக் கூப்பிட்டார். "இவன் வீட்டுக்குப் பேசிட்டு வரட்டும். அதுவரைக்கும் இந்த மேஜையில எவனும் சீட்டைத் தொட மாட்டான்." மற்றவர்களும் கவிழ்த்து வைத்தார்கள். டேனி என்னைத் தன் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் அவர் போனையே கொடுத்தார்.

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இஸ்மாயில் பாய் எஸ்டிடி பூத் நம்பர் எனக்கு மனப்பாடம். விடாமல் அழுத்தினேன். எத்தனையாவது தடவையோ தெரியாது, மணி அடித்தது. "யாரு, ஏழுமலையா? அல்லா! உம் பொண்டாட்டி இங்கதாம்பா நிக்கிறா" என்றார். செல்வி வந்தாள். "ஏங்க, வீடு இல்லீங்க. அண்ணன் போட்டும் போயிடுச்சி. பாப்பாவ இடுப்புல வச்சிக்கினு ரோட்டுக்கு ஓடியாந்துட்டோம். சவுக்குக் கட்டை லாரியில ஏத்தி இட்டாந்து வுட்டாங்க. நாங்க எல்லாரும் இருக்கோம்." பாப்பா பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல சத்தத்தை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதே தெருவில் எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மேஜைக்குத் திரும்பினேன். சீட்டெல்லாம் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இருக்காங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. வால்ட் தன் சீட்டைக் கையில் எடுத்தபடி சொன்னார்: "சரி செவன், போடு. இன்னைக்கு ஒரு நாள் எவ்வளவு கேடுகெட்ட சீட்டு வேணும்னாலும் போடு, நான் வாயத் தொறக்கல."

எல்லைச் சாவடி

அடுத்த வருஷம் லீவில் வந்தேன். செல்வி அப்போது பாண்டிச்சேரியில் அவள் அண்ணன் எடுத்திருந்த வாடகை வீட்டில் இருந்தாள். விமானம் இறங்கி நேராக அங்கே போய், மறுநாள் அவளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். பையில் கரீபியன் கடலில் பார்படாஸ் தீவின் ஏர்போர்ட்டில் வாங்கிய ஒரு பாட்டில் ஒயின். எங்கள் கல்யாண நாளுக்குச் செல்விக்கு ஒரு வாய் காட்டலாம் என்று ஆசை. பாண்டியிலிருந்து பாட்டில் கொண்டுவந்தால் எல்லையில் பிடிப்பார்கள் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மறந்துவிட்டது.

கோட்டக்குப்பத்தில் பஸ்ஸை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் ஏறினார். என் பையைத் திறந்தார். "எந்தக் கடை?" என்றார். "பார்படாஸ் சார்" என்றேன். பாட்டிலோடு கீழே இறங்கச் சொன்னார். சாவடி மேஜையில் பாட்டிலை வைத்தார்கள். இப்படி எத்தனை பேரை நிற்க வைத்திருப்பேன்! பஸ்ஸிலிருந்து "யோவ், கொடுத்துட்டு வாய்யா, நேரமாவுது" என்று குரல். ஜன்னலில் செல்வி முறைத்த முறைப்பில், பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டால் தேவலை என்று தோன்றியது. நல்ல வேளை, ஏர்போர்ட் கடைப் பை பிரிக்காமல் இருந்தது, பாஸ்போர்ட்டில் முந்தின நாள் முத்திரையும் இருந்தது. பெரிய அதிகாரி இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எடுத்துக்கினு போப்பா" என்றுவிட்டார். வேர்த்து விறுவிறுத்து பஸ் ஏறி உட்கார்ந்தேன். முதலில் பிடித்த போலீஸ்காரர் ஜன்னலோரமாக வந்து, சத்தமில்லாமல் கேட்டார்: "தம்பி, அந்த பார்படாஸ் பாண்டியில எந்த வீதில இருக்குது?"

அப்பா

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்ததே கிடையாது. சித்தப்பா ஒருவர் சீட்டாடியே குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவர். அதனால் சீட்டு என்ற வார்த்தையே அப்பாவுக்கு ஆகாது. கப்பலில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவரும் என்ன வேலை என்று கேட்டதில்லை. கேட்காமல் இருக்கிறாரே என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். 2006-ல் இரண்டாவது லீவில் வந்தபோது, பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது. இனி கப்பலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் ஷெரீப் பாய் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், எங்கள் கப்பலில் சமையல். வெள்ளந்தி. அப்பா உப்பளத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம். ஷெரீப் பாய் சந்தோஷமாக ஆரம்பித்தார்: "உங்க புள்ள மேஜைக்குத்தாங்க கூட்டமே. சீட்டு அவர் கையில பறக்கும்!" செல்வி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நான் ஆடலப்பா, போடத்தான் செஞ்சேன். ஒரு தடவகூட ஆடுனது இல்ல" என்று உளறினேன். அப்பா முழுச் சோற்றையும் சாப்பிட்டார். எழுந்து போய்க் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர் மாதிரி இருந்தார்.

"ஏம்பா, சீட்டுதானா? ரெண்டு வருஷமா நீ வாய் தொறக்கலியே, புள்ள அங்க கக்கூசு கழுவிக்கினு கஷ்டப்படுறான், சொல்ல வெக்கப்படுறான் போலன்னு நானும் கேக்காமலே இருந்துட்டேன்."

அந்தக் கப்பலில் நான் பார்த்த அத்தனை பேரிலும், எழுந்து போகவேண்டிய நேரத்தில் மேஜையை விட்டு எழுந்து போன ஒரே ஆள், கடைசி வரைக்கும் ஒரு ஆட்டம்கூட ஆடாத நான்தான்.