கோயில் பதிவேட்டில் தேடிய பிள்ளை

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த சின்னம்மா முப்பது வருடத்துக்கு மேல் றப்பர் பால் வெட்டியவர். உறவில்லை, அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய முதல் பிள்ளை பதினோராம் நாளே இறந்துபோனது. படமும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. கோயிலில் ஞானஸ்நானம் மட்டும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதி அவருக்கு மறந்துவிட்டது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள, நீதானே கோயில் பதிவெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தின? அந்தத் தேதிய மட்டும் பாத்துச் சொல்லு. அன்னைக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கணும்."

ஆற்று வெள்ளம் கோயிலுக்குள் புகுந்தபோது பழைய பதிவேடுகள் கூழாகிப்போயின. அதற்குச் சில வருடங்கள் முன்பு, நானும் ஒரு தோழியும் பள்ளி விடுமுறையில் அவற்றைக் கோயிலின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் டைப் செய்திருந்தோம். அந்தக் கம்ப்யூட்டரும் வெள்ளத்தில் நனைந்து கெட்டுப்போனது. நல்லவேளையாக, பாதர் அதன் டேட்டாபேஸ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தார். இப்போது அவிசாவளையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற எனக்கு அது அரை மணி நேர வேலையாகத்தான் தெரிந்தது.

என் லேப்டாப்பில் இருந்த புதிய டேட்டாபேஸ் அந்த ஃபோல்டரைத் திறக்க மறுத்தது. அதே பழைய பதிப்புதான் வேண்டுமாம். என் லினக்ஸுக்கு அது ரெடியாகக் கிடைக்கவில்லை. மூல நிரலை இறக்கி, அதிலிருந்து அந்தப் பதிப்பை நானே பில்ட் பண்ணி உருவாக்க வேண்டியிருந்தது.

முதலில் அதற்குத் தேவையான 'ரீட்லைன்' என்ற துணை நிரல், அந்த லைப்ரரி, இல்லை என்று நின்றது. பார்த்தால், இருக்கிறது. ஆனால் பில்ட் பண்ணுவதற்கு அதன் ஹெடர் என்கிற துணைக் கோப்புகளைத் தனியாகப் போடவேண்டும். போட்டேன். அடுத்து இன்னொரு லைப்ரரி இல்லை என்றது. லயத்தில் சிக்னல் கிடைக்காது. ஒவ்வொன்றையும் இறக்க றப்பர் ஸ்டோர் மேட்டுக்கு ஏறினேன். மூன்றாம் நாள் பில்ட் முடிந்தது. அப்போதும் ஃபோல்டர் பொருந்தவில்லை. கோயில் கம்ப்யூட்டர் முப்பத்திரண்டு பிட், என்னுடையது அறுபத்துநான்கு. எல்லா லைப்ரரிகளையும் முப்பத்திரண்டு பிட்டில் மறுபடி இறக்கி, முதலிலிருந்து தொடங்கினேன்.

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் சின்னம்மா குழாயடியில் நிற்பார்.

"கெடச்சிச்சா?"

"இன்னும் ஒரு சாமான் கொறையுது சின்னம்மா."

"மெதுவா பாரு. அவசரமில்ல."

சனிக்கிழமை காலை ஃபோல்டர் திறந்துகொண்டது. தாயின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு வரிகள் வந்தன, பிறகு பிறந்த இரண்டு மகன்கள். மூத்தது இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று தகப்பன் பெயரைப் போட்டேன். பிறகு பிள்ளை பிறந்த வருடம் முழுவதையும் எடுத்துப் பார்த்தேன். பதிவு எண்கள் இடையிடையே விடுபட்டிருந்தன. பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதிவேட்டில் சில வரிகளின் ஓரத்தில் சின்னதாகச் சிலுவைக் குறி போட்டிருக்கும். கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்தவர்கள். "இதெல்லாம் எதுக்கு டைப் பண்ணணும்? யாரு சர்டிபிகேட் கேட்டு வரப்போறாங்க?" என்று தோழியிடம் சொன்னது நான்தான். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற அவசரம்.

இரண்டு நாள் குழாயடிப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன். வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அவர் நம்பியும் இருப்பார். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சின்னம்மா அடுப்பில் இருந்த கேத்தலை இறக்கி வைத்தார்.

"நீ அப்ப சின்னப்புள்ள," என்றார். பிறகு, "இவ்வளவு வருசமா நானே கேட்டு வரலயே."

அழுதது நான்தான். தேதி ஞாபகமில்லாவிட்டாலும், றப்பர் இலை கொட்டுகிற காலம் என்பது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பருவத்தில் பாதர் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். பூசையில் பிள்ளையின் பெயரை வாசித்தபோது நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஒருநாள் என் விரல் தாண்டிப்போன பெயர் அது.