அம்மாவின் நீண்ட ஜெபம்

எங்க அம்மா ஜெபம் பண்ணினால் உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். சுற்றி வளைக்கத் தெரியாது. "ஆண்டவரே, இன்னிக்கு என்ன செய்யணும்னு புத்தி குடு, ஆமென்." அவ்வளவுதான். மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கும் இன்றுவரை அதே ஜெபம்தான். ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு நாள்தான் அவள் நீட்டி முழக்கிக் கேட்டிருக்கிறேன்.

திண்டிவனம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு காணி நிலம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பூவெடுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாடி நின்றது. கொல்லை மூலையில் ஒரு பழங்கிணறு, வருஷக்கணக்காக முள்ளும் ஓலையும் போட்டு மூடிக் கிடந்தது. அதைத் திறந்து தூர் வாரினால் பயிர் பிழைக்கும். நான் இறங்குகிறேன் என்று வந்து நின்றவர் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. விழுப்புரத்தில் எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். சுடச்சுட விசுவாசம். சின்னப் பெண்ணான எனக்கு அவர்தான் வீரர்.

பழங்கிணற்றில் ஆள் இறங்குமுன் லாந்தரை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விளக்கு நின்று எரிந்தால் ஆளும் நிற்கலாம்; அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. முந்தின கோடையில் பக்கத்து ஊரில் விளக்கு விடாமல் இறங்கினவர் ஏறி வரவில்லை. அப்பா லாந்தரை விட்டார். பாதிக் கிணறு தாண்டியதும் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி ஏற்றி விட்டார். மறுபடியும் அணைந்தது.

"காத்துல அணைஞ்சிருக்கும் மாமா," என்றார் சின்ன மாமா அப்பாவிடம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

"கண்ணாடி போட்ட லாந்தரு. கெணத்துக்குள்ள ஏதுடா காத்து?" என்றாள் அம்மா.

"பயப்படறவன் விசுவாசியா அக்கா? ஆண்டவர் என்னெப் பாத்துக்குவாரு."

"பாத்துக்கினுதான் இருக்காரு. ரெண்டு தரம் சொல்லிட்டாரு. உனுக்குத்தான் காது கேக்கல."

மாமா கயிற்றைப் பிடித்தார். அப்பா அவர் தோளைப் பிடித்தார். மாமா உதறிவிட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள், கிணற்றோரத்துப் புங்க மரத்தைப் பார்த்தாள். பிறகு, "செரிடா, ஜெபம் பண்ணிட்டு எறங்கு. முட்டி போடு," என்றாள்.

ஜெபம் என்றால் மாமா மாட்டேன் என்பாரா? மண்ணில் மண்டியிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அம்மா குரலெடுத்துத் தொடங்கினாள். வானத்துக்கு ஸ்தோத்திரம், பூமிக்கு ஸ்தோத்திரம். எங்கள் எருமைக்கு, மேலத்தெருப் பிள்ளைத்தாய்ச்சிக்கு, விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஓட்டுகிறவர்களுக்கு, அதில் ஏறுகிறவர்களுக்கு. அக்காவை ஆவியானவர் நிரப்பிவிட்டார் என்று மாமா அல்லேலூயா போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முட்டி வலித்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்பா புங்கந்தழையை ஒடித்துக் கத்தையாகக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே குடத்துத் தண்ணீரை வாரி உள்ளே இறைத்தார். உடம்பெல்லாம் வேர்வை. அம்மாவைப் பார்த்தால், அவளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்! ஓய்வுநாள் பள்ளியில் நாங்கள் அப்படிச் செய்தால் காதைத் திருகுவார்கள்.

அப்பா மறுபடியும் லாந்தரை இறக்கினார். அடியில் போய் நின்று எரிந்தது. வெகுநேரம் எரிந்தது. அவர் நிமிர்ந்து தலையசைத்தார்.

"பாண்டிச்சேரி பஸ்ஸுல போறவங்களையும்... ஆமென்," என்றாள் அம்மா.

மாமா இறங்கினார், தூர் வாரினார், வந்தார். ஊற்றுக் கண் திறந்தது. மல்லாட்டை பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா சபையில் எழுந்து சாட்சி சொன்னார்: "எங்க அக்கா ஜெபிக்க ஜெபிக்க, கெணத்துல இருந்த கெட்ட காத்து வெலகி ஓடிடுச்சு!"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமென்," என்றாள். ஆண்கள் பக்கத்தில் அப்பா, கயிறு உரித்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்த அம்மா, ஜெபத்துக்கே வராமல் தழை ஒடித்துக்கொண்டிருந்த அப்பா. இந்த இரண்டு பேரையும் மன்னித்துவிடும்படி அன்றைக்கு நான் தனியாக முட்டி போட்டு, ரொம்ப உருக்கமாக, ஆண்டவரைக் கேட்டுக்கொண்டேன்.